விதைக்குத் தேதி உண்டு: மதுரைக் காட்டு மரங்களுக்கு விதை எடுக்க, நாற்று வளர்க்க ஒரு வழிகாட்டி

ஆடி மாதம் வேப்பமரத்தடியில் கிடக்கும் கொட்டையைக் கூட்டி அள்ளி, நல்ல வெயிலில் காயப்போட்டு, டப்பாவில் அடைத்துவைத்து, ஐப்பசி மழைக்கு எடுத்து ஊன்றிப் பாருங்கள். பத்தில் ஒன்று முளைத்தாலே பெரிது. அதே வீட்டுப் பரணில் மூன்று வருஷமாகக் கிடந்த வாகை விதையோ ஓர் இரவு வெந்நீரில் ஊறியதும் ஒரே வாரத்தில் தலைதூக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். குழி, தண்ணீர், வேலி எல்லாம் அப்புறம். கையில் இருக்கும் விதை காய்ந்தால் தாங்குமா, காய்ந்தால் சாகுமா என்பது முதலில் தெரிய வேண்டும்.

காய்ந்தால் தாங்குபவை: வாகை, உசிலை, வெள்வேல், கருவேல், கொன்றை. நெற்றுக்குள் கடினத்தோலோடு கிடப்பவை இவை. மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் உயிரோடிருக்கும். காய்ந்தால் சாகுபவை: இலுப்பை, நாவல். சதைப்பழத்துக்குள் ஈரமாக இருக்கும் பெரிய கொட்டைகள். இரண்டு வாரம் கழித்து ஊன்றினால் பாதி போயிருக்கும். வேம்பு இரண்டுக்கும் நடுவில் நிற்பது. நிழலில் பதமாக உலர்த்தினால் கொஞ்சநாள் தாங்கும். புதியவர்கள் அதையும் சாகும் கூட்டத்தோடு சேர்த்து, உடனே ஊன்றிவிடுவதே நல்லது. புங்கம் சில மாதம் கிடக்கும். ஆனால் அடுத்த வருஷத்துக்கு வைக்கக்கூடாது.

எங்கே எடுப்பது, எங்கே கைவைக்கக்கூடாது

அழகர்மலை, சிறுமலை, நாகமலை என்று மதுரையைச் சுற்றி மலைக்குக் குறைவில்லை. ஆனால் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்து விதை பொறுக்குவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டப்படி குற்றம். மேற்கே 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. வனச்சரக அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்க முடியாவிட்டால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. இந்த வட்டாரத்தின் பழைய காடு துண்டுதுண்டாகக் கோயில் காடுகளிலும், கண்மாய்க் கரைகளிலும், பழைய சாலையோரங்களிலும் மிஞ்சியிருக்கிறது. இடையபட்டி வெள்ளிமலைக் கோயில் காட்டில் உசிலை இன்றும் காடாகவே நிற்கிறது. உசிலம்பட்டிக்குப் பெயர் தந்ததும் இந்த மரம்தான் என்பார்கள். மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது; நத்தம் அருகே காசம்பட்டி வீரகோயில் காடு 2025-இல் இரண்டாவது. இப்படி அறிவிக்கப்பட்ட இடங்களிலும் கேட்காமல் எதையும் எடுக்கக்கூடாது. கோயில் காடு என்றால் ஊர்ப் பெரியவர்களிடமும் பூசாரியிடமும் முதலில் சொல்லுங்கள். பல காடுகளில் செருப்போடு உள்ளே போகக்கூடாது, அரிவாளை எடுத்துப் போகக்கூடாது, சுள்ளிகூட வெளியே வரக்கூடாது. அந்தக் கட்டுப்பாடுதான் இத்தனை காலம் அந்த மரங்களைக் காப்பாற்றியது. உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொள்ள மட்டும் அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். அதில் வளர்ந்த கன்று பத்தை அதே காட்டின் ஓரத்துக்குத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த வருஷம் அவர்களே கூப்பிடுவார்கள்.

பெயரை நம்பாதீர்கள்

"பாலை" என்று கேட்டால் ஒருவர் வெப்பாலையைக் காட்டுவார், இன்னொருவர் உலக்கைப்பாலையை, வேறொருவர் ஏழிலைப்பாலையை. மூன்றும் மூன்று மரம். முதலாவதும் மூன்றாவதும் பஞ்சு ஒட்டிய விதையைப் பறக்கவிடும். உலக்கைப்பாலை மஞ்சள் பழம் பழுக்கும், பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள். "கருங்காலி"யும் அப்படித்தான்: ஓர் ஊரில் அது முள்ளுள்ள வேல மரம், இன்னோர் ஊரில் முள்ளில்லாத வைரமரம். அதனால் இலை, பட்டை, பூ, காய், விதை ஐந்தையும் ஓர் அளவுகோலோ பத்து ரூபாய் நாணயமோ பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் காட்டி உறுதி செய்யுங்கள். அதுவரை அந்த விதைப்பையில் "பெயர் தெரியாது" என்றே எழுதுங்கள். தவறான பெயரில் வளர்ந்த கன்று நூறு இடத்துக்குப் போய்விட்டால் திருத்த முடியாது.

தூங்குமூஞ்சி, குல்மொகர், சீமைக்கருவேல் மூன்றும் வெளியிலிருந்து வந்தவை. நிழல் தருகிறது, சீக்கிரம் வளர்கிறது என்பதற்காகக் காட்டு மீட்பில் அவற்றைச் சேர்க்க வேண்டாம்.

எத்தனை தாய்மரம்?

வாசலில் நிற்கும் ஒரே வாகையிலிருந்து மூன்று கிலோ விதை எடுத்துவிடலாம், ஏறத்தாழ 30,000 விதை வரும். ஆனால் அத்தனையும் ஒரு தாய் மக்கள். நாளைக்கு அவை தங்களுக்குள்ளேயே மகரந்தம் மாற்றிக்கொண்டால் அடுத்த தலைமுறை நோஞ்சானாகும், நோய் வந்தால் கூண்டோடு போகும். குறைந்தது 10 மரம், முடிந்தால் 25 மரம். ஒன்றுக்கொன்று 50 மீட்டராவது தள்ளி நிற்பவையாகப் பாருங்கள். நேராக உயர்ந்த மரத்தை மட்டும் தேடிப் போக வேண்டாம். அது மரவியாபாரிக்கு வேண்டிய குணம். பாறைமேல் குட்டையாக முறுக்கி நிற்கிற உசிலையும் வறட்சியைத் தாங்கித்தான் நிற்கிறது, அதன் விதையும் வேண்டும். நோய்வாய்ப்பட்டதும், தன் இனத்தில் வேறு மரமே பக்கத்தில் இல்லாமல் தனியாக நிற்பதும் மட்டும் வேண்டாம்; தனிமரத்தில் காய்த்தாலும் விதை பெரும்பாலும் பொக்கையாக இருக்கும்.

ஒரு மரத்தின் காய்ப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் எடுக்காதீர்கள். கிளிக்கும் வௌவாலுக்கும் அணிலுக்கும் மிச்சம் வேண்டும், காட்டுக்கும் வேண்டும். எல்லா மரத்திலிருந்தும் ஏறத்தாழ ஒரே அளவு எடுத்துக் கலப்பது முக்கியம். எட்டக்கூடிய தாழ்ந்த கிளையுள்ள ஒரு மரத்திலேயே முக்கால்வாசியை நிரப்பிவிடுவது எல்லோரும் செய்கிற தவறு.

எந்த மாதம் எது

தை, மாசியில் வாகையும் உசிலையும் நெற்றாகும். வெப்பாலைக் காய் வெடிப்பதும் தான்றி உதிர்வதும் அப்போதுதான். பங்குனி, சித்திரையில் புங்கம், மருது, ஆயா. கொன்றை நெற்றும் கருத்துத் தொங்கும். வைகாசியில் வெள்வேல், புரசு. ஆனி, ஆடி இரண்டும்தான் மூச்சுவிட நேரமில்லாத மாதங்கள்: வேம்பு, இலுப்பை, நாவல் மூன்றும் ஒன்றாக வரும், மூன்றும் காத்திருக்காது. மழை முந்தினால், பிந்தினால் இந்தக் கணக்கு இரண்டு மூன்று வாரம் நகரும். பூத்த தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு பத்து நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பதுதான் வழி.

எடுப்பதும் சுத்தம் செய்வதும்

தேவையானவை அதிகமில்லை. நீளமான தொரட்டி, விரித்துப்போட ஒரு படுதா, துணிப்பைகள், சுளகு, இரண்டு வகைக் கண் சல்லடை, பென்சில். பாலித்தீன் பையில் பழத்தைக் கட்டிக்கொண்டு பேருந்தில் வந்தால் வீடு சேர்வதற்குள் வெந்துவிடும். துணிப்பை அல்லது பனையோலைக் கூடைதான் சரி.

மரத்தடியில் முதலில் விழுவதைப் பொறுக்காதீர்கள். அது பெரும்பாலும் பூச்சி அரித்ததும் பிஞ்சும்தான். நன்றாக உதிரத் தொடங்கி நான்கைந்து நாள் கழித்துத் தரையைக் கூட்டிவிட்டுப் படுதாவை விரித்து, அன்றும் மறுநாளும் விழுவதை எடுங்கள்.

வெப்பாலையில் கொஞ்சம் நுட்பம் வேண்டும். இரட்டை இரட்டையாகத் தொங்கும் காய் பச்சை மாறிப் பழுப்பேறும் நேரம் பறிக்க வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் வெடித்துப் பஞ்சோடு விதை பறந்துவிடும். பறித்த காயைக் கொசுவலைப் பைக்குள் போட்டு வெயிலில் வைத்தால் உள்ளேயே வெடிக்கும். பஞ்சைக் கையால் கசக்கிப் பிரித்துவிடலாம்.

வேம்பு, இலுப்பை, நாவல் பழங்களை அன்றைக்கே தண்ணீரில் பிசைந்து சதையை நீக்குங்கள். சதை ஒட்டியிருந்தால் புளித்துச் சூடேறும், பூசணம் பிடிக்கும், எறும்பும் வரும். கழுவிய வேப்பங்கொட்டையை நிழலில் இரண்டு நாள் பரப்பினால் போதும். இலுப்பைக்கும் நாவலுக்கும் அந்த இரண்டு நாளும் வேண்டாம், ஈரச் சாக்கில் சுற்றி மறுநாளே ஊன்றிவிடலாம். வௌவால் அடையும் மரத்தடியில் இலுப்பைக் கொட்டை சதை தின்னப்பட்டுச் சுத்தமாகக் கிடைக்கும். ஆனால் அது எந்தத் தாய்மரத்தது என்று தெரியாது. தாய்மரக் கணக்கில் சேர்க்காமல் தனியாக வையுங்கள்.

காட்டு நெல்லிக்கு எதிர்முறை: சதையை நீக்கிய கொட்டையை வெயிலில் போட்டால் அதுவே தெறித்துத் திறந்து சிறு விதைகளைக் கொடுக்கும். மேலே ஒரு துணி மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விதை முற்றமெல்லாம் சிதறும்.

வெள்வேலுக்கும் கருவேலுக்கும் ஆடுதான் நல்ல கூலியாள். நெற்றைத் தின்ற ஆடு அசைபோடும்போது துப்பியதும் புழுக்கையோடு விட்டதும் கிடைபோட்ட இடத்தில் குவிந்திருக்கும். ஆட்டின் வயிற்றுக்குள் போய்வந்த விதைக்குத் தோல் இளகியிருக்கும், முளைப்பும் நன்றாக இருக்கும். ஒரே ஆபத்து, சீமைக்கருவேல் விதையும் அதே இடத்தில்தான் கிடக்கும். கருவேல் விதை வட்டமாய்க் கருத்திருக்கும். சீமைக்கருவேல் விதை சிறுத்து, நீள்வட்டமாய், வெளிறிய பழுப்பாய் மினுங்கும். சுளகில் போட்டு ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பொறுமை இல்லையென்றால் இந்த வழியே வேண்டாம்.

சோதனையும் சேமிப்பும்

மூட்டையைக் கட்டுமுன் இருபது விதையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே நிறைவாகவும் அந்தந்த மரத்துக்குரிய வெள்ளை, பச்சை அல்லது மஞ்சள் நிறத்தோடும் இருந்தால் உயிருள்ளது. சுருங்கியது, பழுத்துக் கருத்தது, வெற்றறை, புழு எல்லாம் கழிவு. இருபதில் பத்துக்கும் மேல் கழிவென்றால் அந்த மரத்தை விட்டுவிட்டு வேறு மரம் பாருங்கள்.

வாகை, உசிலை, வெள்வேல் விதைகளின் பெரிய எதிரி சிறு வண்டு. பிஞ்சு நெற்றிலேயே முட்டை வைத்துவிடும், நீங்கள் டப்பாவை மூடிய பிறகு உள்ளே பொரித்து ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். நெற்று பழுத்ததும் தாமதமின்றி எடுத்து, மூன்று நாள் வெயிலில் உலர்த்தி, விதையைப் பிரித்துச் சாம்பலில் புரட்டி வைப்பது பழைய முறை. நன்றாக உலர்ந்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, குளிர்பதனப் பெட்டியின் பனி உறையும் அறையில் ஒரு வாரம் வைத்து எடுத்தாலும் வண்டு சாகும். உலராத விதையை அப்படி வைத்தால் விதையும் சேர்ந்து சாகும். நகத்தால் அழுத்தினால் தடம் விழக்கூடாது, அதுதான் உலர்ந்ததற்கு அடையாளம்.

ஒவ்வொரு பையினுள்ளும் ஒரு சீட்டு: மரத்தின் பெயர், எடுத்த இடம், தாய்மரங்களின் எண்ணிக்கை, தேதி. பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரையும், வெயிலில் வெளிறும்.

எத்தனை விதை வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. நூறு விதையை ஈரமணலில் ஊன்றி எண்ணுங்கள். அறுபது முளைத்தால், பிறகு பையில் நூற்றுக்கு எண்பது பிழைக்கும் என்று வைத்துக்கொண்டால், 500 கன்றுக்கு ஏறத்தாழ 1,050 விதை தேவை.

முளைக்க வைப்பது

கடினத்தோல் விதைக்கு வெந்நீர். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, மூன்று நான்கு நிமிடம் ஆறவிட்டு, விதையின் அளவைப்போல் ஐந்து மடங்கு தண்ணீரில் கொட்டி, இரவு முழுதும் அப்படியே விடுங்கள். அடுப்பின் மேலேயே வைத்துக் கொதிக்கவிட்டால் சுண்டலாகிவிடும், முளைக்காது. காலையில் ஊதிப் பருத்தவற்றை உடனே ஊன்றுங்கள். பருக்காதவற்றுக்கு இன்னொரு முறை வெந்நீர். உசிலையும் வாகையும் ஒரு வாரம் பத்து நாளில் வந்துவிடும். கொன்றை மட்டும் வெந்நீருக்கும் மசியாது. நூறு இருநூறு விதைதான் என்றால் நகவெட்டியால் விதையின் ஓரத்தில் தோலை மட்டும் இலேசாகக் கிள்ளிவிட்டுக் குளிர்ந்த நீரில் ஓர் இரவு போடுங்கள். முளை இருக்கும் நுனிப்பக்கம் கிள்ளக்கூடாது.

மருதுக்கும் தான்றிக்கும் இரண்டு நாள் குளிர்ந்த நீர், தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். மருது பொறுமையைச் சோதிக்கும். சில விதை இரண்டு வாரத்தில் வரும், சில ஆறேழு வாரம் எடுக்கும். ஒரு மாதத்தில் பாத்தியைக் கொத்திப் போட்டுவிடாதீர்கள். வேங்கை நெற்றின் சுற்றுச் சிறகைக் கத்தரித்துவிட்டு ஊறவைத்து முழு நெற்றாகவே ஊன்றலாம். நாவல் ஒரு கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை விடும், வலுவான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். சந்தனம் ஒண்டிப் பிழைக்கும் மரம். வேரைப் பக்கத்துச் செடியின் வேரில் கோத்துக்கொண்டுதான் வளரும். பையில் கன்று நான்கைந்து இலை விட்டதும் கூடவே ஒரு துவரை ஊன்ற வேண்டும்.

கடம்பம் தனிக்கதை. மீனாட்சியம்மன் கோயிலின் தலமரம், மதுரைக்கே கடம்பவனம் என்று பெயர், ஆசைப்படாதவர் இல்லை. ஆனால் விதை தூசிபோல் இருக்கும். பழத்தைத் தண்ணீரில் அழுகவிட்டு, பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்டி, உலர்த்திய தூளைப் பத்துப் பங்கு நுண்மணலோடு கலந்து, அகலத் தட்டில் தூவுங்கள். மேலே மண் போடக்கூடாது. பூவாளித் தண்ணீர்கூட அதை அடித்துப் போய்விடும். தட்டைத் தண்ணீர் நிரம்பிய தாம்பாளத்தில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிடுங்கள். கடம்பம் ஈரம் விரும்பும் மரம், வறண்ட குன்றில் கொண்டுபோய் நட்டால் நிற்காது. ஆல், அரசு, இச்சி விதைகளுக்கும் இதே முறைதான், மண்ணுக்குப் பதில் செங்கல்தூள் பாதி சேர்க்கலாம். ஆலம்போத்தை வெட்டி நடுவது எளிதுதான். ஆனால் போத்தில் வந்ததெல்லாம் அந்த ஒரே மரத்தின் நகல், ஆணிவேரும் இருக்காது.

மற்றவற்றுக்கு 1 மீட்டர் அகலம், 15 செ.மீ. உயரத்தில் மேட்டுப்பாத்தி போதும். விதையின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு ஆழம், அதிகம் போனால் இரண்டு மடங்கு. புங்கம், வேம்பு, இலுப்பை கொட்டைகளைப் படுக்கவைத்து ஊன்றுங்கள்.

பை, மண், வேர்

5 அங்குல அகலம், 10 அங்குல உயரப் பை. நூறு பைக்கு ஏறத்தாழ 120 லிட்டர் கலவை பிடிக்கும்: 15 லிட்டர் வாளியில் செம்மண் 4, மணல் 2, நன்கு மக்கிய தொழு உரம் 2. மேலூர்ப் பக்கம் செம்மண்ணுக்குப் பஞ்சமில்லை. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்தார் கரிசலை மட்டும் நிரப்பினால் காய்ந்ததும் வெடித்து வேரை அறுக்கும். மணலைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மக்காத எருவைப் போட்டால் சூட்டில் கன்று கருகும், வேர்ப்புழுவும் வரும்.

முளைத்த கன்று திடீரென்று தரையோரம் நைந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். காரணம் பெரும்பாலும் நாம்தான்: தண்ணீர் அதிகம், நிழல் அதிகம், விதை நெருக்கம். தண்ணீரை ஒருவேளையாகக் குறைத்து, அழுகியதை மண்ணோடு அள்ளியெறிந்து, காலை வெயில் படும்படி பந்தலைத் திறந்துவிடுங்கள். விதைக்கும் முன்பே எருவில் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்திருந்தால் பாதித் தொல்லை வராது. மயில் தொல்லைக்கு மருந்தே இல்லை. மேலே வலையும் சுற்றிலும் முள்ளும்தான்.

மாதத்துக்கு ஒருமுறை பைகளைத் தூக்கி இடம் மாற்றுங்கள். அடியில் தரைக்குள் இறங்கிய வேரைக் கத்தரியுங்கள். இதைச் செய்யாமல் ஆறுமாதம் விட்டால் வேர் பைக்குள்ளேயே சுருண்டு சுற்றும். நட்ட முதல் இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருக்கும், பிறகு வறட்சியில் வாடும், காற்றில் சாயும். பையில் பார்க்க உயரமாகத் தெரியும் பழைய கன்றைவிட, முழங்கால் உயரத்தில் தண்டு தடித்த கன்று மேல்.

நடவு

மதுரைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மி.மீ. மழை, அதில் பாதியளவு ஐப்பசியை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் விழும். பங்குனி, சித்திரையில் விதைத்த வாகையும் உசிலையும் அந்த மழைக்குத் தயாராகிவிடும். ஆனி, ஆடியில் ஊன்றிய இலுப்பைக்கும் நாவலுக்கும் அப்போது மூன்று நான்கு மாதம்தான் ஆகியிருக்கும். அவசரப்பட்டு நட்டால் வரும் கோடையில் போய்விடும். பெரிய பைக்கு மாற்றி அடுத்த ஐப்பசி வரை வைத்திருங்கள். நடுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே நிழலைக் குறைத்து, தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, கன்றை வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

முதல் தூறலுக்கே ஓடாதீர்கள். மண்வெட்டி ஆழத்துக்கு ஈரம் இறங்கியதும் நடுங்கள். குழி ஒன்றரை அடிச் சதுரம், ஒன்றரை அடி ஆழம். கோயில் காட்டின் நல்ல உட்பகுதியைக் கொத்தவே வேண்டாம், அதற்கு உங்கள் உதவி தேவையில்லை. சிதைந்த ஓரங்களில்தான் வேலை. அங்கே சீமைக்கருவேலைத் தரைமட்டத்தில் வெட்டினால் துளிர்த்துவிடும், அடிக்கட்டையோடு தோண்டி எடுக்க வேண்டும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எடுக்காமல் பட்டைபட்டையாக எடுத்து நட்டால் மண் வெயிலில் சுடாது. சூரை, காரை, களா போன்ற முட்புதர்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அவைதான் கூலி கேட்காத வேலி. புதரின் நிழலோரம் நேரடியாக ஊன்றிய வேப்பங்கொட்டையும் உசிலை விதையும் ஆட்டுக்கு எட்டாமல் தப்பிக்கும்.

விதைப்பந்துகளை வண்டியில் போகிறபோக்கில் எறிவதில் எங்களுக்கு நம்பிக்கை குறைவு. இறுகிய தரையில் விழுந்த பந்து மழையில் கரைந்து விதையை வெளியே விடும், எறும்பும் எலியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இலுப்பை, நாவல் கொட்டையைப் பந்தாக்கிக் காயவைப்பது அதைக் கொல்வதற்குச் சமம். வாகை, வெள்வேல் போன்றவற்றை மழை ஊறிய மண்ணைக் கொத்திவிட்டு அதில் பதித்தால் ஏதோ கொஞ்சம் தேறும்.

நட்ட கன்றைச் சுற்றி இரண்டடி வட்டத்துக்குச் சருகு மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி, இல்லாவிட்டால் கறையான் ஏறும். மாசி முதல் ஆனி வரை வாரம் ஒருமுறை, ஒரு கன்றுக்கு ஒரு குடம். தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். முதல் கோடை முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். செத்த இடத்தில் மறுநடவு செய்வதற்காக ஒவ்வொரு இனத்திலும் நூற்றுக்கு இருபது கன்றை நாற்றங்காலில் நிறுத்திவைத்திருக்க வேண்டும், அதே சீட்டோடு.